லாபமில்லாத கம்பெனியில் ஒரு கணக்குப்பிள்ளை

‘‘தொண்டு நிறுவனமா? சரி மாப்ளே... சம்பளம் உண்டா, இல்லே அதையும் நீ தொண்டாத்தான் செய்யணுமா?’’

ஏற்காட்டில் வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் சேலத்து மாமா கேட்ட முதல் கேள்வி இது. பி.காம். படித்தவன் பாங்க்கில் உட்காராமல் மலை ஏறுவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகளுக்கு மருத்துவ உதவி செய்கிற சின்ன அமைப்பு என்று விளக்கினேன். ‘‘அவங்களுக்குக் கேரளாவுல ஆஸ்பத்திரி இல்லியா?’’ என்றார். அவர்கள் இந்த மலைக்காரர்கள், வீட்டில் பேசுவது தமிழ் என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

நண்பர்கள் வேறு மாதிரி. ‘‘ஜன்னலைத் திறந்தா ஏசி... சாயங்காலமானா ஏரியில போட்டிங்... குடுத்து வச்சவன்டா!’’ உண்மையில் நான் அதிகம் பார்த்தது இரண்டே இரண்டுதான். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இருபது கொண்டை ஊசி வளைவுகள்; ஏறி முடித்தால் வவுச்சர் கட்டு.

லாபம் இல்லை என்றால் கணக்கும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியில் முதலாளி ஒருத்தர். இங்கே நன்கொடை கொடுத்த ஒவ்வொருத்தரும் முதலாளி! ‘மருந்துக்கு’ என்று வந்த பணத்தில் ஜீப்புக்கு டீசல் போடக்கூடாது. ‘பயிற்சிக்கு’ வந்ததில் மருந்து வாங்கக்கூடாது. போதாக்குறைக்கு, 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 சதவிகிதமாக இருந்த உச்சவரம்பு 20 ஆனது. ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் இந்த வரம்பில் வராது; கணக்குப்பிள்ளை சம்பளம் வரும். அந்தப் பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் இறங்கி, அப்புறம்தான் எங்கள் மலைக்கு ஏறவேண்டும்.

ஆகவே நான் கறார் பேர்வழியானேன்.

எங்கள் சுகாதாரப் பணியாளர்களில் ஓர் அக்கா, அதே மலையில் பிறந்தவர். காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போய், கர்ப்பிணிகளைப் பார்த்து, பிறந்த குழந்தைகளை எடை போட்டு நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். ஒரு மார்ச் மாதம் போக்குவரத்து ஹெட்டில் பணம் தீர்ந்துவிட்டது. ‘ஏப்ரல் ஒன்றாம் தேதி வரை ஜீப் செலவு கிடையாது’ என்று எழுதி ஒட்டினேன்.

ஜூனில்தான் கவனித்தேன். அக்காவின் காதில் வேப்பங்குச்சி.

‘‘தோடு எங்கக்கா?’’

‘‘அடகுல இருக்கு தம்பி.’’

துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. 108-ஐக் கூப்பிட டவர் இல்லை. நாலு பேர் தூளி கட்டி ரோடு வரை தூக்கி வந்திருக்கிறார்கள். அங்கிருந்து சேலத்துக்கு அக்கா வாடகை ஜீப் பேசியிருக்கிறார். மறுநாள் வாடகைக்குத் தோடு போயிருக்கிறது.

‘‘வவுச்சர் போட்டிருக்கலாமேக்கா?’’

‘‘நீங்கதான் கிடையாதுன்னு ஒட்டியிருந்தீங்களே. உங்களுக்கு எதுக்குத் தம்பி சங்கடம்?’’

தாயும் பிள்ளையும் நலம். அந்த மார்ச் கணக்கு பைசா சுத்தமாக டாலி ஆனதாக நான் பெருமைப்பட்டிருந்தேன். எப்படி ஆனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வேலையின் சிக்கல் இதுதான். செய்த செலவுக்குப் பேரேடு உண்டு. நடக்காமல் போன சாவுக்குக் கிடையாது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கேயும் மலையாளிகள்தான் அதிகம். டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் 1993-ல் அங்கே போய், ஒரு குடிசையில் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் நர்ஸுகளாகவும் பயிற்றுவித்தார்கள். குடிசை ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. மருந்து மட்டும் போதாது, சோறும் வருமானமும் வேண்டும் என்று இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் ‘போர்கை’ எம்பிராய்டரி என்று வேலை விரிந்தது.

அவர்கள் வந்தபோது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பிறகு அது 20-ஐ ஒட்டிக் குறைந்தது. கழித்துப் பாருங்கள்: ஆயிரத்துக்கு 127. இவர்களில் யாரும் எந்த வவுச்சரிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சரி, கணக்குப்பிள்ளை என்ன செய்ய முடியும்? பி.காம். முதல் வருஷத்தில் படித்த ‘இம்ப்ரெஸ்ட்’ முறை ஞாபகம் வந்தது. ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, செலவான அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்புவது. கமிட்டியிடம் வாதாடி, ஒவ்வொரு சுகாதாரப் பணியாளர் கையிலும் 2,000 ரூபாய் கொடுத்து வைத்தோம். ராத்திரி முதலில் ஜீப். வவுச்சர் விடிந்த பிறகு. எந்த நன்கொடையாளர் நிபந்தனையும் ஒட்டாத உள்ளூர் நன்கொடையிலிருந்து அக்காவின் தோட்டையும் மீட்டுக் கொடுத்தோம்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிற தம்பிகளே, சம்பளம் பாங்க்கைவிடக் குறைவுதான். கறாராக இருங்கள், அடுத்தவர் காசு. ஆனால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால், ராத்திரி அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அடுத்த வருஷத் தணிக்கையில் ஆடிட்டர் ஒரு வவுச்சரில் விரலை வைத்தார்.

‘‘அடகு வட்டியா? இது எந்த ஹெட்ல சார் வருது?’’

‘‘போக்குவரத்து’’ என்றேன்.

கதையைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டிக் அடித்தார்.