மறுபடியும் குற்றம் செய்வாரா? ஏஐ போடும் மார்க்கை நம்பலாமா?

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்து இளைஞர் ஒருவர் திருட்டு வழக்கில் ஜாமீன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வெளியே விட்டால் மறுபடியும் தப்பு பண்ணுவாரா?’ நீதிபதியின் இந்தக் கேள்விக்கு ஒரு மென்பொருள் 10-க்கு இத்தனை என மார்க் போட்டால்? அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடக்கிறது.

எப்படிக் கணிக்கிறது?

வயது, முந்தைய கைதுகள், வேலை போன்ற விவரங்களைப் பழைய வழக்குகளோடு ஒப்பிடுகிறது.

என்ன சிக்கல்?

அங்கே பயன்படும் ‘காம்பஸ்’ மென்பொருளை 2016-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. இரண்டு ஆண்டுகளில் மீண்டும் வழக்கில் சிக்காதவர்களில், ‘ஆபத்து அதிகம்’ என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 45%, வெள்ளையரில் 23%. ‘ஒரே மார்க் வாங்கியவர்கள், எந்த இனமானாலும், கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் மறுபடி சிக்குகிறார்கள்’ என்று தயாரித்த நிறுவனம் வாதாடியது. இரண்டு கணக்குமே சரிதான். எது நியாயம் என்பதில்தான் சண்டை.

நம்ம ஊருக்கு வந்தால்?

மெஷினுக்குக் குற்றம் தெரியாது. போலீஸ் பதிவுதான் தெரியும். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே பல சமூகங்களைக் குற்றவாளிகள் ஆக்கியது. சட்டம் போய்விட்டது, சந்தேகப் பார்வை முழுதாகப் போகவில்லை. எந்தத் தெருவில் போலீஸ் அடிக்கடி கதவைத் தட்டுகிறதோ, அங்கே கைதுகளும் அதிகம் பதிவாகும். அதைப் படித்து வளரும் ஏஐ, பழைய சந்தேகத்துக்கே புது மார்க் போடும்.

அந்த இளைஞரின் வக்கீல், ‘இந்த மார்க் எப்படி வந்தது?’ என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அதை வைத்து ஒருவரை உள்ளே வைக்கக் கூடாது.