உங்களுக்குத் தெரியுமா? கொடுக்கும் கையே வசூலிக்கும் கை

அமெரிக்க மத்திய அரசின் பணப் பட்டுவாடாவில் பெரும்பகுதி ஒரே அலுவலகத்தின் வழியே போகிறது. 2012இல் உருவான, கருவூலத் துறையின் நிதிச் சேவைப் பிரிவு அது. ஆண்டுக்கு 100 கோடிக்கும் அதிகமான பட்டுவாடாக்கள். அரசின் கணக்கை எழுதுவதும், கடன் பத்திரம் விற்பதும், நிலுவையை வசூலிப்பதும் அதன் வேலைதான். இந்தச் சேர்க்கை நியாயமானது என்பேன். வருமான வரி ரீஃபண்ட் புறப்படுமுன் பெறுபவரின் பெயரும் வரி எண்ணும் கடனாளிகள் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன. பொருந்தினால் பாக்கி அங்கேயே பிடிக்கப்படுகிறது. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைக் கட்டாத பெற்றோரின் ரீஃபண்டும் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. இதற்கெனத் தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை.

ஓய்வூதியத்திலும் இப்படிப் பிடிப்பது, அதை மட்டுமே நம்பியிருக்கும் முதியவரை நசுக்காதா என்று கேட்கலாம். அதற்குத் தடுப்பு உண்டு: முன்னறிவிப்பு தர வேண்டும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, வரி அல்லாத கடனுக்காக மாதந்தோறும் முதல் 750 டாலரைத் தொடவே கூடாது. ஆனால் அந்த 750 டாலர், 1996ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த வரம்பு. வாடகையும் மருந்துச் செலவும் எவ்வளவோ ஏறிவிட்டன. விலைவாசியோடு அது உயர்த்தப்படவில்லை. அதை உயர்த்தியே ஆக வேண்டும்.