பிக் பஜார் போன வழி

மும்பை, பெங்களூரு, புனே, டெல்லி போன்ற நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிக் பஜார் என்னும் பெயரை விளக்கத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஊரைவிட்டு வந்தவர்களில் பலர் தங்கள் முதல் பிரஷர் குக்கரையும், பிளாஸ்டிக் நாற்காலிகளையும், பிள்ளைகளின் பள்ளிப் பைகளையும் வாங்கியது அங்கேதான். இன்று அந்தக் கடையே இல்லை. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு நகரத்திலும் கதவுகள் அடைக்கப்பட்டன. அதே கட்டடங்கள் பலவற்றில் இப்போது வேறொரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், “எல்லாரும் செல்பேசியிலேயே வாங்கத் தொடங்கிவிட்டார்களே” என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை அறிந்துகொள்வது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் எல்லாருக்கும் பயன்படும்.

பலவகைப் பொருள்களையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடை நம் நாட்டுக்குப் புதியதன்று. வெள்ளையர் ஆட்சியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் ஒயிட்அவே லெய்ட்லா என்னும் நிறுவனம் பெரிய கடைகளை நடத்தியது. கடன் கொடுப்பதில்லை, கையில் பணம் இருந்தால்தான் சரக்கு என்பது அதன் கண்டிப்பான வழக்கம். பம்பாயில் அது இருந்த கட்டடத்தில்தான் 1946 முதல் காதி பண்டார் நடந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1895-இல் எழும்பிய ஸ்பென்சர் மாளிகை 1983-இல் தீக்கிரையானது. டெல்லியில் 1966-இல் விலைவாசி ஏறியபோது கூட்டுறவு முறையில் தொடங்கப்பட்ட சூப்பர் பஜார், நஷ்டத்தில் மூழ்கி 2002-இல் மூடப்பட்டது. பெரிய கடை பிறப்பதும் மறைவதும் செல்பேசிக்கு முன்பே உண்டு என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறோம்.

பிக் பஜாரின் கதையில் தமிழருக்கு ஒரு சொந்த உறவும் உண்டு. அதைத் தொடங்கிய கிஷோர் பியானி, சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலுள்ள சரவணா ஸ்டோர்ஸைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் தமக்கு வந்தது என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். குறைந்த விலை, ஏராளமான சரக்கு, நெருக்கியடிக்கும் கூட்டம் ஆகியவற்றை நாடெங்கும் கொண்டுபோக அவர் விரும்பினார். 2001-இல் கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களில் 22 நாட்களுக்குள் முதல் கடைகள் திறக்கப்பட்டன. பளபளக்கும் கண்ணாடிக் கடைகளுக்குள் நுழைய நம் மக்கள் தயங்குவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே பிக் பஜாரை வேண்டுமென்றே சந்தையைப்போல அமைத்தார். நடைபாதைகள் குறுகலாக இருந்தன. அரிசியும் பருப்பும் திறந்த தொட்டிகளில் குவிக்கப்பட்டிருந்தன. சகோதரிகள் அவற்றைக் கையில் அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்து வாங்கினார்கள்.

புலம்பெயர்ந்த குடும்பத்திற்கு இந்தக் கடை செய்த பெரிய உதவியைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததில்லை. அது மொழியைப் பற்றியது. இந்தியோ, மராத்தியோ, கன்னடமோ தெரியாமல் புதிதாக வந்திறங்கிய ஒரு பெண் தெருக்கடையில் பேரம் பேச முடியாது. ஏமாந்தால் கேட்கவும் முடியாது. இங்கேயோ விலை பொருளின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. எல்லாருக்கும் ஒரே விலை. வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாலும் கேட்பாரில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகளோடு அங்கே போய், குளிர்சாதனக் காற்றில் இரண்டு மணி நேரம் உலாவி, ஒரு பை சாமானோடு வீடு திரும்புவது பல குடும்பங்களுக்கு வாரத்தின் ஒரே பொழுதுபோக்காக இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விசாலமே ஒரு விருந்து.

2006-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று “மிக மலிவான நாள்” என்று அறிவித்தபோது, கூட்டம் தாங்காமல் சில கடைகளில் கதவைச் சாத்திக் காவல்துறையை அழைக்கவேண்டியதாயிற்று. பழைய துணியையும் செய்தித்தாளையும் எடைக்குப் போட்டுச் சலுகைச்சீட்டு வாங்கும் திட்டமும் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் தேவையில்லாததையும் வாங்கிக் குவிக்கும் பழக்கத்தை நம் வீடுகளில் விதைத்ததும் இதே கடைதான். செல்பேசியை மட்டும் குறை சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, அது விழுந்த விதம். கடை நிரம்பி வழிந்தது. ஆனால் அது வளர்ந்த வேகத்திற்குக் கடனே எரிபொருளாக இருந்தது. கட்டடங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. புதிய நகரம், புதிய தொழில், புதிய பெயர் என்று கிளைகள் பரவிக்கொண்டே போயின. கடன் சுமையைக் குறைப்பதற்காக 2012-இல் பேண்டலூன்ஸ் துணிக்கடைகள் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. அதன்பிறகும் விரிவு நிற்கவில்லை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. விற்பனை நின்றது, வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் தொழிலை ஒப்படைக்க உடன்பாடு ஆயிற்று. முந்தைய ஆண்டில் பியானியின் குழும நிறுவனமொன்றில் பங்கு வாங்கியிருந்த அமேசான், இது தன்னோடு செய்த ஒப்பந்தத்திற்கு மாறானது என்று வழக்குத் தொடுத்தது. வழக்கு நீண்டது. 2022 பிப்ரவரியில், வாடகை பாக்கி நின்ற கடைகளின் குத்தகையை ஏற்கெனவே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்த ரிலையன்ஸ், அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த வாரம் கடைக்குப் போனவர்கள் பூட்டிய கதவைத்தான் கண்டார்கள். ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் விற்பனைத் திட்டத்தை நிராகரித்தன. ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது. 2024 ஜூலையில் அதைக் கலைத்துவிடத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இதே காலத்தில் வளர்ந்த இன்னொரு கடையையும் பாருங்கள். ராதாகிஷன் தமானியின் டிமார்ட் 2002-இல் மும்பை பவாயில் தொடங்கியது. அங்கேயும் மலிவுதான், நெரிசல்தான். ஆனால் அவர் பெரும்பாலும் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கிய பிறகே கடை திறந்தார். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தாமதமின்றிப் பணம் கொடுத்து, அதற்காகவே விலையில் தள்ளுபடி பெற்றார். ஊர் ஊராக ஓடவில்லை. செல்பேசி வணிகம் வந்த பின்னும் அந்தக் கடைகளில் வண்டி தள்ள இடமில்லாமல் இருக்கிறது. 1997-இல் சென்னையில் தொடங்கி ஏறத்தாழ 1,600 கிளைகள் வரை பரவிய சுபிக்‌ஷா, 2009-இல் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியின்றி மூடப்பட்டதையும் நம்மில் பலர் அறிவோம். அப்போது செல்பேசியில் மளிகை வாங்கியவர் யார்?

அதற்காக வாங்கும் பழக்கம் மாறவில்லை என்று சொல்வதற்கில்லை. 2007-இல் பெங்களூருவில் பிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியபோது, முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்ப மக்கள் அஞ்சினார்கள். பொருள் வீட்டுக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 2010-இல் வந்ததும் அச்சம் தணிந்தது. 2016-இல் இணையக் கட்டணம் சரிந்தது. அவ்வாண்டே யுபிஐ வந்தது. நவம்பரில் பழைய நோட்டுகளும் செல்லாமற்போயின. ஊரடங்குக்குப் பின் இன்ஸ்டாமார்ட், பிளிங்கிட், செப்டோ ஆகியவை பத்து, பதினைந்து நிமிடங்களில் பொருளைக் கொண்டுவந்து புகழ்பெற்றன. அந்தப் பொருள் வருவது நாம் காணும் கடையிலிருந்து அன்று. வாடிக்கையாளர் நுழையாத, அடுக்குகள் மட்டும் நிறைந்த கிடங்கிலிருந்து.

இதனால் நம் வீடுகளில் மறைந்தது மாதப் பட்டியல் என்பது எங்கள் எண்ணம். முன்பெல்லாம் சம்பளம் வந்ததும் குடும்பத்தலைவி உட்கார்ந்து துவரம்பருப்பு இரண்டு கிலோ, புளி அரைக்கிலோ என்று எழுதுவார். கணவர் அதைப் பார்ப்பார், சில வரிகள் அடிக்கப்படும். என்ன செலவாகிறது என்பது இருவருக்கும் தெரியும். இப்போது தயிருக்கு ஒருமுறை, கொத்தமல்லிக்கு ஒருமுறை, மகன் கேட்ட சிப்ஸுக்கு ஒருமுறை என்று தனித்தனியாக அழுத்துகிறோம். ஒவ்வொன்றிலும் விநியோகக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று சிறு தொகைகள் ஒட்டிக்கொள்கின்றன. அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டாவது மாதக் கடைசியில் மொத்தத்தைக் காட்டி நம்மைத் திடுக்கிட வைக்கும். செல்பேசியிலும் கணக்கு இருக்கிறது. யார் கூட்டிப் பார்க்கிறார்கள்?

வேலையும் மாறியது. பெரிய கடைகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும், சேமநல நிதியும், சீருடையும் கிடைத்தன. அந்த வேலை சுகமானது என்று எவரும் எண்ணவேண்டாம். நாள் முழுதும் நின்றே விற்கவேண்டும். விற்பனையாளர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2018-இல் கேரளத்திலும் 2021-இல் தமிழகத்திலும் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது என்றால், அதுவரை பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். இன்று அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் பை சுமக்கும் ஆண்பிள்ளைகள். எத்தனை நடை போனார்களோ அத்தனைக்குத்தான் கூலி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இத்தகைய தொழிலாளருக்கென நிறுவனங்கள் நிதி செலுத்தவேண்டும் என்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையில் இருந்தால், அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் நம் மக்கள் அசையவில்லை. மளிகையும் மின்விசிறியும் செல்பேசியில் வாங்குகிற குடும்பங்களும், கலியாணப் புடவையையும் கிறிஸ்துமஸ் துணிமணியையும் கையால் தடவிப் பார்த்தே வாங்குகின்றன. தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு விடுமுறையில் போகிறவர்கள் இதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவைக்கிறார்கள். பியானி பார்த்து வியந்த ரங்கநாதன் தெருவிலும் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் இன்றும் கால் வைக்க இடமிருப்பதில்லை.