கால் நனைக்க ஒரு கரை
தொடர்: கரையோரம் – 14

மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, ஏலத்தில் விற்ற காசும் கைக்கு வந்துவிட்டால் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்றால் சாமிதான் முதலில், கடல் அப்புறம். கடலுக்கென்றே கிளம்புகிறவர்கள் புதுச்சேரிக்குப் போவார்கள். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று ஒரே ஓட்டம். விடியற்காலம் புறப்பட்டால் மதியச் சாப்பாடு அங்கேதான்.

அப்படிப் போன ஒரு வேனில் நானும் இருந்தேன். சாயங்காலம் காந்தி சிலையருகே எல்லோரும் ஆவலோடு நடந்தோம். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் குழந்தைகள் நடுத்தெருவில் ஓடினார்கள். எங்களோடு வந்த அம்மாயி ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். கருங்கற்கள் குவிந்து கிடந்தன.

“ஏங் கண்ணு, கடலுன்னு கூட்டிட்டு வந்தீங்க, ஒரே கல்லாக் கெடக்குது. கால் நனைக்க எங்க எறங்கறது?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாற்பது வருடம் பின்னால் போகவேண்டும். அன்று இதே இடத்தில் மணல் இருந்தது. ஊர்க்காரர்கள் அதில் உட்கார்ந்து பேசினார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். 1980களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகம் கட்டி, கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். அதற்குப் பிறகு வடக்கே மணல் கரைந்துகொண்டே போயிற்று. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள்.

சுவருக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மே மாதத்தில் ஒரு கொட்டாங்குச்சியை அலை ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம். தென்கிழக்கிலிருந்து வரும் அலை அதைச் சாய்வாகக் கரையேற்றும். திரும்பும் தண்ணீர் நேராகக் கீழே இழுக்கும். அடுத்த அலையில் மறுபடி சாய்வாக ஏறும். கொஞ்ச நேரத்தில் அது நம்மைவிட்டு வடக்கே போயிருக்கும். ஒவ்வொரு மணல் துகளும் இப்படித்தான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பினாலும், வருடக் கணக்கில் பார்த்தால் நம் கிழக்குக் கரையில் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே போகிறது. குறுக்கே சுவர் நீண்டதும் தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, வடக்குப் பக்கம் பட்டினி கிடந்தது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது? நாமகிரிப்பேட்டைக்காரர்களுக்கு இது நெருக்கமான செய்தி. நம் கொல்லிமலையில் பிறக்கும் சுவேத நதி தம்மம்பட்டி வழியாக ஓடி, வசிஷ்ட நதியோடு கலந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேர்கிறது. அதற்கு வடக்கே, கடலூரில், கெடிலமும் பெண்ணையாறும். புதுச்சேரிக் கரைக்குத் தீனி போட்டவை தெற்கே இருக்கும் இந்த ஆறுகள். ஆத்தூரில் நாம் கடக்கிற வசிஷ்ட நதியைப் பாருங்கள். சேகோ ஆலைக் கழிவும் ஊர்க் குப்பையும் தேங்கிக் கிடக்க, மணலை லாரி லாரியாக அள்ளிய பள்ளங்கள் மிச்சமிருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. அந்த ஆற்றை நாம் காலி செய்துவிட்டுத்தான் கடலைப் பார்க்கப் போகிறோம்.

மணலின் அருமை தெரிந்தவர்கள் உலகில் உண்டு. ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில் பெனிடோர்ம் என்ற ஊர் ஒருகாலத்தில் சூரை மீன் பிடிப்பவர்களின் ஊர். 1956இல் நகரத் திட்டம் வகுத்து, லெவாந்தே, போனியெந்தே என்ற இரண்டு கடற்கரைகளை நம்பியே வளர்ந்தது. இன்று அங்கே மணலைப் பார்த்து வானுயரக் கட்டடங்கள் நிற்கின்றன. போனியெந்தே கரை ஒடுங்கியபோது 1991இல் கடலடியிலிருந்து மணலை எடுத்துக் கொட்டி அகலப்படுத்தினார்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்கான நீலக்கொடி ஸ்பெயினில் 600க்கும் மேற்பட்ட கடற்கரைகளில் பறக்கிறது. புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கும் 2021இல் அது கிடைத்தது.

புதுச்சேரியும் சும்மா இருக்கவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றை 2018இல் கடலுக்குள் இறக்கினார்கள். துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். மணல் திரும்பி வந்தது. கடற்கரை பிழைக்கும் என்று கண்ணால் கண்ட சந்தோஷம் எனக்கு.

அம்மாயியை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனோம். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். அலை திரும்பியபோது குதிகாலுக்கடியில் மணல் நழுவ, “அய்யோ, பூமி ஓடுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்காலுக்கு மேல் யாரையும் இறங்கவிடவில்லை. கிணற்றில் நீந்திப் பழகிய தைரியத்தில் கடலில் பாய்ந்து உயிரை விட்ட பையன்கள் ஏராளம். கரையில் மோதிய தண்ணீர் ஒரே வழியாகத் திரும்பி ஓடும் இழுப்புக்கு நீச்சல் வீரனும் தப்புவது கடினம்.

ஆனால் நகரத்தின் முன்னால் மணல் சேர்ந்ததோடு கதை முடியவில்லை. கல் கொட்டிய இடத்திலிருந்து அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டே போனது. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழகப் பகுதியான தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். அங்கே மணல் என்பது படகை ஏற்றவும் வலையைக் காயப்போடவும் வேண்டிய இடம். அது போனால் தொழில் போகிறது, அப்புறம் வீடும் போகிறது. அடுத்த வாரம் அந்தக் குப்பங்களுக்குப் போவோம்.

(தொடரும்)