ஊர் நூலகருக்கு ஒரு பேச்சுத் துணை

கணித ஆசிரியராயிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அத்தொழில் அவருக்குப் புதிது. இலண்டனில் பயின்றதோடு நில்லாது, அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டு கற்றார். நம் ஊர் நூலகருக்கு அவ்வாய்ப்பு ஏது? 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் பஞ்சாயத்துகளில் நூலகங்கள் எழுந்தன. ஆயினும் நடத்துபவர் பெரும்பாலும் தனி ஆள். ஐயம் தோன்றினால் கேட்க அருகில் எவருமிலர்.

இக்குறையைக் கைப்பேசி ஓரளவு தீர்க்கக்கூடும். வட்டாரத்து நூலகர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவாகக் கூடினால், ஒருவர் அறிந்தது அனைவருக்கும் பயன்படும். அலமாரியில் கறையான் ஏறிவிட்டதா? படம் எடுத்து அனுப்பினால், சுவரை விட்டுத் தள்ளி வைக்குமாறு அனுபவமுள்ள ஒருவர் கூறுவார். உழவர் ஒருவர் சொட்டுநீர்ப் பாசன நூல் கேட்கிறார்; இங்கே இல்லை; அடுத்த ஊரில் இருந்தால் மாலைக்குள் தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்த விதத்தை ஒருவர் எழுத, மற்றவர் தம் ஊரிலும் அதனைச் செய்து பார்க்கலாம்.

ஆனால், காலை வணக்கப் படங்கள் குவிந்தால் குழு பாழாகும். இதனை நாம் பல இடங்களிற் கண்டுள்ளோம். யார் எந்நூலை எடுத்தார் என்பதை அங்கே எழுதலாகாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நிறையாத நூலைப் படமெடுத்துப் பரப்புதல் சட்டத்துக்கு மாறானது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இத்தடை இல்லை.

நூலகர் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார் என்று அங்கத்தினர் சிலர் கடிந்துகொள்வதுண்டு. கடியுமுன், அன்று அவர் என்ன கேட்டார், என்ன விடை வந்தது என வினவுதல் நன்று. அதனைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பத்து நிமிடம் எடுத்துரைக்கவும் அவருக்கு இடமளிக்க வேண்டுகிறோம்.