சிங்கப்பூர் போகும் பிள்ளைகளுக்கு

நம் வட்டாரப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையை வங்கிக் கணக்கில் நாம் காட்டுவதில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போனவரின் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அதன் வட்டியில் வங்கி பொதுவாக 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்கும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்குங்கள், அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

2016 ஏப்ரல் முதல் அங்கே சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. மாதாமாதம் வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தகராறு வந்தால் அதுவே சாட்சி.

மகன் உண்டியலில் அனுப்பிய பணத்தில் சரக்கு எடுத்த நண்பர் ஒருவர், பணம் வந்த வழி கேட்டபோது காட்டக் காகிதமின்றித் தவித்ததைக் கண்டோம். பில் இல்லாச் சரக்கை வாங்காத நாம், ரசீது இல்லாப் பணத்தை வாங்கலாமா?