ஜீப்புக்குள் ஒரு விறகடுப்பு

பழைய சின்ன ஜீப் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? மிச்ச எண்ணெய் எங்கே போகிறது?

2022 ஜூன் மாதம், இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவில், எங்கள் குசினியில் காஸ் தீர்ந்தது. சிலிண்டர் எங்கும் இல்லை. மாமி வளவுக்குள் மூன்று கல்லை வைத்து விறகடுப்பு மூட்டினார். அதே கிழமை ஜீப்பின் தாங்கியும் வற்றிக் கிடந்தது. 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலை கொடுத்து வாங்கவும் எண்ணெய் இருக்கவில்லை. திருகோணமலையின் சீனன்குடாக்காரரான எங்களுக்கு இது இன்னும் சுட்டது. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 எங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய்த்தான் நாங்கள் எண்ணெய் வரிசையில் நின்றோம்.

பழக்கமில்லாத கையால் நான் அடுப்புக்குள் விறகைத் திணித்துக்கொண்டிருந்தேன். மாமி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "விறகு எரியுறதப் பாக்காத மகன், சூடு சட்டியில படுதா எண்டு பாரு."

அடுப்புக்குச் சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் பிறகு என் ஜீப்பை நான் விளங்கிக்கொண்டேன்.

ஜூலையில் எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது. காருக்கும் ஜீப்புக்கும் கிழமைக்கு 20 லீற்றர். அதுவரை "உங்கட ஜீப் எத்தனை ஓடும்?" என்பது தேத்தண்ணிக் கடைப் பேச்சு. அன்றிலிருந்து அது கணக்கு. லீற்றருக்கு 8 ஓடினால் 160 கிலோமீற்றர். 10 ஓடினால் 200. இடையிலுள்ள 40 கிலோமீற்றர், ஏறத்தாழ திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகும் தூரம்.

இந்தக் கேள்வி பழைய வாகனங்களோடு ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். யப்பானில் 1988இல் வந்த சுசுகி எஸ்கூடோ (இங்கே பலர் வாயில் விட்டாரா), 1994இன் டொயோட்டா ராவ்ஃபோர், 1995இன் ஹொண்டா சிஆர்வி, 1997இன் டைஹற்சு டெரியோஸ் எல்லாம் இன்றும் திருகோணமலை வீதிகளில் ஓடுகின்றன. என்னுடையது 1.6 லீற்றர் எஸ்கூடோ. அதன் அடுப்பைத் திறந்து பார்ப்போம்.

மூன்று கல் அடுப்பு

ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் ஏறத்தாழ 32 மெகாயூல் சூடு இருக்கிறது. சிந்தாமல் சிதறாமல் பிடித்தால், நூறு லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆனால் மூன்று கல் அடுப்பில் சூடு சட்டிக்கு மட்டுமா போகிறது? பக்கத்தால் போகிறது, புகையோடு போகிறது, கல்லைச் சுடுகிறது.

எஞ்சினும் அப்படியே. ரேடியேற்றருக்கு முன்னால் கையை நீட்டினால் அடிக்கும் வெக்கை, சைலன்சர் குழாயால் போகும் புகை இரண்டும் சட்டியில் படாத சூடு. பழைய பெற்றோல் எஞ்சினில், ஊருக்குள் ஓடும்போது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சில்லுவரை வந்து சேரும். இது எல்லாப் பழைய வாகனத்துக்கும் பொது. அந்த ஒரு பங்கை எப்படிச் செலவழிக்கிறது என்பதில்தான் ஜீப் காரிலிருந்து வேறுபடுகிறது. அதற்கு முன் அடுப்பு ஒழுங்காக எரிய வேண்டும்.

உப்புப் பார்க்கும் நாக்கு

ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லீற்றர் கணக்கில் சொன்னால், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று. கன அளவில் ஒன்பதாயிரம் லீற்றருக்குக் கிட்ட. பெற்றோல் ஒரு பேணி, காற்று ஒரு அறை. எயார் பில்ரர் தூசியால் அடைத்தால் ஊதுகுழல் அடைத்த மாதிரி. காபரேற்றர் உள்ள பழைய எஞ்சினில் அப்போது பெற்றோல் கூடிப்போய், எரியாமல் புகையாகும். இன்ஜெக்ஷன் எஞ்சினில் கணினி காற்றை அளந்து பெற்றோலையும் குறைத்துவிடும். அங்கே முதலில் குறைவது இழுவைதான்.

அந்தக் கணினிக்கு ஒரு நாக்கு உண்டு: சைலன்சர் குழாயில் பூட்டியிருக்கும் ஒட்சிசன் சென்சர். புகையைச் சுவைத்துப் பார்த்து "கூடிப்போச்சு, குறை" என்று சொல்வது அதன் வேலை. நாக்கு மரத்த சமையற்காரர் உப்பை அள்ளிப் போடுவதுபோல, சென்சர் பழுதானால் கணினி எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெற்றோலைக் கொஞ்சம் கூடவே ஊற்றும். வண்டி நன்றாகத்தான் ஓடும். அதனால் ஆருக்கும் தெரியாது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி மெல்லிய மண்ணிறமாக இருந்தால் சரி. கரிச்சட்டி மாதிரிக் கறுத்துப் பொருபொருத்திருந்தால், பில்ரரையும் சென்சரையும் பார்க்க வேண்டிய நேரம்.

92க்குப் பதில் 95 அடித்தால் கூட ஓடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. ஒக்டேன் சூட்டின் அளவைச் சொல்வதில்லை. அமுக்கும்போது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் குணத்தைச் சொல்கிறது. கையேட்டில் சாதாரணப் பெற்றோல் போதும் என்று இருக்கும் எஞ்சினுக்கு 92 போதும்.

மூடி இல்லாத சட்டி

என் ஜீப்பின் நோய் இங்கேதான் இருந்தது. ஊருக்குள் லீற்றருக்கு 8.2 கிலோமீற்றர்தான் ஓடியது. பிளக் மாற்றினேன், பில்ரர் மாற்றினேன், அசையவில்லை. ஒருநாள் கந்தளாய் வீதியில் போகும்போது சூடு காட்டும் முள்ளைக் கவனித்தேன். நடுவில் நிற்க வேண்டிய முள் அடியை விட்டுக் கொஞ்சந்தான் எழும்பியிருந்தது. கொளுத்தும் வெயில், அரை மணித்தியால ஓட்டம், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை.

கழற்றிப் பார்த்தால், தெர்மோஸ்ராற் இருக்க வேண்டிய கூடு வெறுங்கூடாக இருந்தது. முன்பு எப்போதோ ஒரு கராஜில் "இந்த வெக்கை நாட்டுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பரவலாக நடக்கும் வேலை இது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

தெர்மோஸ்ராற் சட்டியின் மூடி. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை மறித்து வைக்கும். சூடேறியதும் தானே திறக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேற்றரில் ஓடிக் குளிர்கிறது. தண்ணீர் குளிர்ந்தே இருப்பதால், எஞ்சின் இப்போதுதான் காலையில் முடுக்கப்பட்டது என்று கணினி நினைக்கிறது. ஈர விறகைப் பற்றவைக்கும்போது நாம் கூட மண்ணெண்ணெய் ஊற்றுவோமே, அதுபோல அது பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. புதுத் தெர்மோஸ்ராற் போட்டேன். முள் நடுவுக்கு வந்து நின்றது. அடுத்த நாலு தாங்கியின் சராசரி 9.1.

கொதித்த உலையில் பச்சைத்தண்ணீர்

இனி சில்லுவரை வந்த அந்தப் பங்கு. ஆட்களோடு 1,200 கிலோ நிறையுள்ள ஜீப் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுகிறது என்று வைப்போம். அந்த ஓட்டத்துக்குள் ஏறத்தாழ 167 கிலோயூல் சேர்ந்திருக்கிறது. ஒரு மாடு குறுக்கே வந்தது, பிறேக் பிடித்து நின்றோம். அவ்வளவும் பிறேக்கில் சூடாகிக் காற்றில் போய்விட்டது. அந்தச் சூடு ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏற்றும். திரும்ப 60க்கு வர, ஐந்தில் ஒரு பங்குக் கணக்கில், ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேல் பெற்றோல் வேண்டும்.

கொதித்துக்கொண்டிருக்கும் உலையில் பச்சைத்தண்ணீர் ஊற்றி, மறுபடி கொதிக்க வைப்பது இது. சட்டி பெரிதாக இருந்தால் நட்டமும் பெரிது. எஸ்கூடோவின் அடியில் லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டகம் இருக்கிறது. காட்டுப் பாதையில் அதுதான் பலம். சந்திக்குச் சந்தி நின்று எழும்பும்போது அதே நிறைதான் செலவு. முன்னால் வளைவோ மாடோ தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுத்து உருளவிடுங்கள். இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரோடு உருளும்போது பெரும்பாலும் பெற்றோல் முழுதாக அடைபட்டுவிடும்.

நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது சட்டி வைக்காத அடுப்பு. இந்த அளவு எஞ்சின் மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்ட அப்படியே குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூட. ரயில் கடவையில் ஐந்து நிமிடம் நிற்பதென்றால் நிறுத்திவிடுவதே லாபம்.

அகப்பையும் கச்சானும்

ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி அகப்பையால் துழாவிப் பாருங்கள். விளிம்பால் வெட்டினால் இலேசாகப் போகும். தட்டையாகப் பிடித்துத் தள்ளினால் கை நோகும். கார் விளிம்பு, ஜீப் தட்டை. வேகத்தை இரட்டித்தால் தள்ளுவிசை நாலு மடங்கு. 60இலிருந்து 90க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. கூரையில் வெறும் சாமான் சட்டம் பூட்டியிருந்தால் அதுவும் சேரும்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வருட நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும், காய்ந்த, சுடுகாற்று. கந்தளாய்ப் பக்கம் போகும் பாதையும் தென்மேற்குத்தான். 60இல் போகும்போது கச்சான் 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசினால், ஜீப்புக்கு அது 90இல் போன மாதிரி: எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. திரும்பி வரும்போது காற்று பின்னால் தள்ளுமே, கணக்குச் சரியாகிவிடாதா? ஆகாது. வரும்போது எதிர்ப்பு கால் பங்காகக் குறையும். இரண்டேகாலையும் காலையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்றேகால். காற்றில்லாத நாளைவிடப் போய்வரக் கால் பங்கு கூடுதல் எதிர்ப்பு. ஆடியில் அளந்த கணக்கை மார்கழியில் அளந்ததோடு ஒப்பிட்டு எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது.

ரொட்டி மாவும் வெறும் ஆட்டுக்கல்லும்

காற்றுக் குறைந்த ரயர் குழைத்த ரொட்டி மா. அமுக்கினால் அமுங்கும், கொடுத்த பலத்தைத் திருப்பித் தராது. ஒவ்வொரு சுற்றிலும் ரயர் நசுங்கி நிமிரும். அந்த வேலை ரயரைச் சூடாக்குவதோடு முடிகிறது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள்.

நாலு சில்லு இழுவை இன்னொரு செலவு. அரிசி போடாத ஆட்டுக்கல்லைச் சுற்றினாலும் கை களைக்கும். எஸ்கூடோவில் முன்சில்லு ஹப்பை விடுவித்தால் முன் அச்சு ஓய்ந்து நிற்கும். வருடம் முழுக்கப் பூட்டியே வைத்தால் அது வெறும் ஆட்டுக்கல்லாகச் சுற்றும். நாலு சில்லு சிஆர்வியில் பின்சில்லுக்குத் தேவை வந்தால்தான் பலம் போகும். ஆனால் நடுத்தண்டு எந்நேரமும் சுழலும். நாலு சில்லு ராவ்ஃபோர், டெரியோஸ் முதல் தலைமுறைகளில் நாலும் எப்போதும் இழுக்கும். டெரியோஸின் எஞ்சின் 1.3 லீற்றர்தான். சின்ன எஞ்சின் என்றதும் நிறைய ஓடும் என்று வாங்கியவர்கள் ஏமாறுவதற்கு இது ஒரு காரணம்.

எந்தச் சுண்டால் அளக்கிறோம்?

அரிசியை ஒரு நாள் சுண்டாலும் மறுநாள் பேணியாலும் அளந்தால் கணக்கு வருமா? பழைய யப்பான் விளம்பரத்தாள்கள் பலவற்றில் இருக்கும் எண் 1991இல் வந்த பத்து-பதினைந்து முறைச் சோதனையில் எடுத்தது. சூடேறிய எஞ்சின், 660 வினாடி, 4.16 கிலோமீற்றர், சராசரி வேகம் 22.7, உச்சம் 70. எல்லாம் அரிந்து கழுவி வைத்த பிறகு தொடங்கும் தொலைக்காட்சிச் சமையல் அது. நம் குசினிக்கு நாம்தான் அளக்க வேண்டும்.

முறை இலகு. தாங்கியை நிரப்புங்கள், மீற்றரைக் குறியுங்கள், ஓடுங்கள், அதே செட்டில் அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். 290 கிலோமீற்றருக்கு 32 லீற்றர் பிடித்தால் 9.06. பம்ப் ஒரு லீற்றர் முந்திப் பிந்தி நின்றாலே மூன்று வீதம் பிழைக்கும். ஆகவே நாலு தாங்கியைச் சேர்த்து வகுங்கள்.

சுண்டையும் பாருங்கள். 205/75 ஆர்15 ரயரைக் கழற்றி, அழகுக்காக 235/75 ஆர்15 போட்டவர்கள் பலர். புது ரயர் ஆறரை வீதம் பெரியது. மீற்றர் 100 காட்டும்போது ஜீப் 106.5 ஓடியிருக்கும். தூரத்தைத் திருத்தாமல் "ரயர் மாத்தின பிறகு எண்ணெய் குடிக்குது" என்றால், அந்தக் குடியில் ஒரு பகுதி வெறும் அளவுப் பிழை.

சரி, எத்தனைதான் ஓடும்? என் கொப்பியில் ஊருக்குள் 9.1, ஹபரணைக்கு 70ஐத் தாண்டாமல் போய்வந்தால் 11. இதைவிடப் பெரிய எண்ணை இந்த உருவத்திடம், இந்த நிறையிடம் நான் எதிர்பார்க்கவில்லை. அவை வாங்கும் நாளிலேயே முடிவான விசயம். தெர்மோஸ்ராற், சென்சர், ரயர்க் காற்று, ஹப், வலது கால் என்று மிச்சமெல்லாம் நம் கையில் இருக்கின்றன.

அந்த ஜூன் மாதம் அடுப்பு மூட்டிய மூன்றாம் நாள், மாமி களிமண் குழைத்துக் கல்லுகளுக்கு நடுவில் பூசினார். விறகு போட ஒரு வாய் மட்டும் விட்டார். அதே விறகு, அதே சட்டி. காலையில் அடுக்கிய கட்டில் பாதி பின்னேரமும் மிச்சம் இருந்தது.